பங்காளி வீட்டு விருந்து

2023ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் முதல் டிசம்பர் 17ஆம் நாள் ஈறாக, மகளிர்க்குரிய ஹாண்ட்பால் உலகப் போட்டியை டென்மார்க்கு, நார்வே, சுவீடன் என்னும் மூன்று அயல்நாடுகள் ஒருங்கு கூடி நடத்தின. வந்த அணிகள் 32. கைப்பந்து என்றால் நம்மவர்க்கு வாலிபாலே நினைவிற்கு வருமாதலின் அயற்சொல்லையே ஆளுகின்றேன். தமிழ் பயில்வார்க்கு இது தகாதென ஆசிரியர் கடிந்துகொள்ளினும் கொள்க. ஓரணிக்கு எழுவர் நின்று, பந்தைக் கையால் எறிந்து எதிரியின் இலக்கினுட் செலுத்தும் ஆட்டம் இது.

இப்போட்டியைப் பற்றி உரையாடிய போழ்து நண்பரொருவர், "மூவர் கூடி விருந்திடுவது செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் வாணிகமேயன்றி வேறென்ன?" என்றார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆட்டங்களை ஸ்டவாங்கர், டிரான்ட்ஹெய்ம், கோத்தன்பர்க்கு, ஹெல்சிங்போரி, பிரெடரிக்ஸ்ஹாவன், ஹெர்னிங் என்னும் ஆறு நகரங்கட்குப் பகிர்ந்தளித்தமையால் எவர்க்கும் சுமை குறைந்தது. ஆயினும், பாகம் பிரிந்த பங்காளிகள் ஒரு பந்தலின்கீழ் நின்று விருந்தினரை வரவேற்றல் எத்துணை அரிதென்பதை நம் ஊர்களிற் பிறந்தார் யாவரும் அறிவர். இம்மூவரும் அத்தகைய பங்காளிகளே. 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரை அனுப்பிய நான்காம் பிரெடரிக்கு மன்னர், டென்மார்க்கு நார்வே இரண்டிற்கும் அரசராயிருந்தவர். 1814இல் நார்வே டேனியர் கையினின்றும் சுவீடன் அரசர் கைக்கு மாறிற்று; 1905இல் அப்பிணிப்பும் அற்றது. அதற்கடுத்த ஆண்டிலேதான், ஹோல்கர் நீல்சன் என்னும் டேனியப் பள்ளியாசிரியர் இவ்வாட்டத்தின் விதிகளை அச்சிட்டு வெளியிட்டார்.

நண்பரின் கணக்கேட்டில் அடங்காத செய்தி ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய மகளிர் போட்டியை டென்மார்க்கும் நார்வேயும் சேர்ந்து நடத்துவதாக ஏற்பாடு. கொரோனா நோய் பரவியிருந்த காலமாதலின், வந்தோரைத் தனித்து வைக்கும் விதிகளைத் தளர்த்த நார்வே அரசினர் ஒருப்படவில்லை. போட்டி தொடங்குதற்குச் சின்னாள் முன்னர், நவம்பரில், நார்வே விலகிக்கொண்டது. டேனியர் முழுச் சுமையையும் தாமே ஏற்றனர். தம் வாயிலை அடைத்துவிட்ட நார்வே நாட்டு மகளிர் பங்காளி வீட்டிற்கு வெறும் விருந்தினராய்ச் சென்றனர். சென்று, டிசம்பர் 20ஆம் நாள் ஹெர்னிங் அரங்கில் பிரான்சை 22–20 என வென்று கோப்பையையும் எடுத்து வந்தனர்! வாணிகமாயின் இதனை எந்தப் பற்றில் எழுதுவது?

நிற்க. 2023இல் இறுதி நால்வருள் மூவர் விருந்திட்டவரே; நான்காமவர் பிரான்சு. அரையிறுதியாட்டம் இரண்டும் ஹெர்னிங்கிலேயே நிகழ்ந்தன. சுவீடன் பிரான்சிடம் எளிதில் வீழ்ந்தது. நார்வேயும் டென்மார்க்குமோ உரிய நேரத்தில் ஒருவரையொருவர் விஞ்சாது நின்றமையின், மிகைநேரம் அளிக்க வேண்டியதாயிற்று. முடிவில் 29–28. ஒரே கோல்! டேனியப் பெண்கள் தம் முற்றத்திலேயே, தம்மோடு கூடி ஊரழைத்தவரிடமே தோற்றனர். ஒன்றுவிட்ட நாள் அவர்கள் மீண்டும் அவ்வரங்கிற்கு வந்து, மற்றைப் பங்காளியாகிய சுவீடனை 28–27 என வென்று மூன்றாமிடம் பெற்றனர். இறுதியாட்டத்தில் பிரான்சு நார்வேயை 31–28 என வென்றது. மூன்று வீட்டார் சமைத்து வைத்ததை வந்த விருந்தினர் கொண்டு சென்றனர் என்க.

இவ்வாட்டங்களைக் குறித்து எண்ணும்போதெல்லாம் எம்மாவூர்ச் சீடர் வீட்டுப் பந்தி என் நினைவிற்கு வருகின்றது. அங்கே விருந்தினராய் அழைக்கப்பட்டவரே அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தார். எவர் வீடு, எவர் பந்தி என்பது ஒரு நொடியில் மாறிற்று. தனித்து விருந்திடுவோன் தன் இல்லத்தில் என்றும் தலைவனே. கூடி விருந்திடுவோனோ, ஒரு நாளேனும் அயலான் கூரையின்கீழ், அயலான் மக்கள் ஆரவாரிக்க, தன் தோல்வியையும் வெற்றியையும் ஏற்க வேண்டியவனாகின்றான். செலவு குறைவதினும் இதுவே பெரிதென்பது என் துணிபு. நண்பர் இன்னும் இசைந்திலர்.

2025இல் ஜெர்மனியும் நெதர்லாந்தும் இவ்வுலகப் போட்டியைக் கூடி நடத்தின. டிசம்பர் 14ஆம் நாள் இறுதியாட்டம் ராட்டர்டாம் நகரில். நெதர்லாந்துக்காரரின் அவ்வரங்கில், உடன் விருந்திட்ட ஜெர்மானிய மகளிர், முன்னர் ஹெர்னிங்கில் தோற்ற அதே நார்வேயிடம் 23–20 எனத் தோற்றனர்.