ஆறு பேர்தான் சார்!

பழவேற்காடு போயிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டிப் போக வேண்டும். தமிழ்நாடும் ஆந்திராவும் பங்கு போட்டுக்கொள்ளும் பெரிய உப்புத் தண்ணீர் ஏரி. 1600-களில் டச்சுக்காரர்கள் வந்து கோட்டை கட்டி வியாபாரம் பார்த்த ஊர். கோட்டை போய்விட்டது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது.

2009 காணும் பொங்கலுக்கு நாங்கள் ஒன்பது பேர் அங்கே போனோம். என் குடும்பம், மச்சான் குடும்பம், கூடவே மாமியார். கல்லறை பார்த்தாச்சு, இறால் வறுவல் சாப்பிட்டாச்சு. அடுத்து என்ன? படகு சவாரி!

கரையில் ஒரு ஃபைபர் படகு நின்றது. பின்பக்கம் டீசல் இஞ்சின், அதிலிருந்து நீளமாக ஒரு கம்பி, அதன் நுனியில் புரொப்பெல்லர். ஏரியில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். தரை தட்டும் இடங்களில் கம்பியைத் தூக்கிவிட்டு, கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். சுனாமிக்குப் பிறகு இந்த மாதிரிப் படகும் இஞ்சினும் நம் கடலோரம் முழுக்கப் பெருகின.

படகுக்காரர் எங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். ‘‘ஆறு பேர்தான் சார் ஏத்துவேன். இது மீன் புடிக்கிற படகு.’’

மச்சான் விடுவாரா? ‘‘அட, மூணு பேருதானண்ணே கூட! ரெண்டு பேர் குழந்தைங்க. அட்ஜஸ்ட் பண்ணுங்க. நூறு ரூபா சேர்த்து வாங்கிக்குங்க.’’

அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். நூறு ரூபாய் அவருக்குச் சும்மா இல்லை. ‘‘சரி, ஏறுங்க. யாரும் எழுந்து நிக்கக் கூடாது.’’

நாங்கள் நின்றோம். ஒரு பக்கம் நாரை தெரிந்ததும் எல்லோரும் அந்தப் பக்கமே சாய்ந்தோம். படகு ஒரு ஆட்டம் ஆடியது. என் அஞ்சு வயது மகள் கைதட்டிச் சிரித்தாள். ‘‘அப்பா, இன்னொரு தடவை!’’ லைஃப் ஜாக்கெட் என்ற ஒன்று எங்கள் யாருக்கும் ஞாபகத்துக்கே வரவில்லை. பத்திரமாகத் திரும்பி வந்தோம். ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது. எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்... படகுக்காரரைத் தவிர.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ், ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காடு முகத்துவாரம் அருகே, உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். டி.வி-யில் செய்தி ஓட, நான் எழுந்து போய் ஆல்பத்தை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஒன்பது. பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

அதை மறுபடி திறக்கவைத்தது ஒரு ஸ்டிக்கர்.

போன கோடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்குப் போயிருந்தோம். மணலில் ஓட்ட ‘ஏடிவி’ என்ற வண்டியை வாடகைக்கு விட்டிருந்தார்கள். கொழுத்த நாலு டயர், மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார். ஒரு அப்பா தன் ரெண்டு பிள்ளைகளையும் பின்னால் திணித்துக்கொண்டு கிளம்பினார். அந்த வண்டியிலேயே ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது: ‘பின்னால் ஆள் ஏற்றாதீர்கள்.’

விற்கிறவனே எதற்காக இப்படி மிரட்டுகிறான்? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

இந்த மாதிரி உல்லாச வண்டிகளைச் செய்வது உலகத்தில் பெரிய தொழில். ‘பவர்ஸ்போர்ட்ஸ்’ என்று அதற்குப் பெயர். ஆனால், அதன் ஒரு வேர் உல்லாசத்தில் இல்லை, ஒரு சாவில் இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக். பதினைந்து வயதிலேயே சறுக்கு வண்டியில் பழைய ஃபோர்டு இஞ்சினையும் புரொப்பெல்லரையும் மாட்டிப் பனியில் ஓடவிட்ட பையன். 1934 குளிர்காலத்தில் அவருடைய ரெண்டு வயது மகனுக்குக் குடல்வால் வெடித்தது. ரோடெல்லாம் பனி. செய்துகொண்டிருந்த பனி வண்டி பாதியில் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்துபோனது.

பிறகு அவர் விற்ற பனி வண்டிகளில் டாக்டர் போனார், தபால் போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். 1948-ல் கியூபெக் அரசு ரோட்டுப் பனியை அள்ளியே ஆக வேண்டும் என்று சட்டம் போட, வியாபாரம் படுத்தது. வேறு வழி தேடியவர், 1959-ல் ‘ஸ்கீ-டூ’ என்ற சின்னப் பனி வண்டியைக் கொண்டுவந்தார். நாய் வண்டியில் போகும் பாதிரியார்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் உதவும் என்று நினைத்தார். ஜனங்கள் விளையாட வாங்கினார்கள். ஒரு தொழிலே பிறந்தது.

ஹோண்டாவின் கதை நேர் எதிர். குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காத அமெரிக்க டீலர்களுக்காக 1970-ல் மூன்று சக்கர மணல் வண்டியை இறக்கினார்கள். அது விளையாட்டுக்கு வந்து, பிறகு பண்ணை வேலைக்கும் போனது. திருப்பங்களில் சட்டென்று கவிழ்ந்தது. நிறையக் குழந்தைகள் செத்தார்கள். வழக்குகள் குவிந்து, 1988-ல் மூன்று சக்கர வண்டி விற்பனையை நிறுத்த கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. நாலு சக்கர வண்டிக்கு எச்சரிக்கை ஒட்டவும், பயிற்சி தரவும் சம்மதித்தன.

அதாவது, நான் பார்த்த அந்த ஸ்டிக்கர் கம்பெனியின் கருணையில் வந்ததில்லை. யார் யாரோ பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு எழுதப்பட்ட வரி அது.

இஞ்சினுக்கு வேலையும் தெரியாது, விளையாட்டும் தெரியாது. வேலைக்குப் போகிறவனுக்குப் பயம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. விளையாடப் போகிற நம்மிடம் ரெண்டும் இல்லை. அதனால்தான் எண்ணிச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டுப் படகில் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. ஆனால், அந்த மனிதர் அதை வாயால் சொன்னார். அந்த ஸ்டிக்கரைத்தான் நாங்கள் நூறு ரூபாய் கொடுத்துக் கிழித்தோம்.

சமீபத்தில் மறுபடி போனேன். அதே கரையில் அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. விபத்துக்குப் பிறகு உல்லாசச் சவாரியைத் தடை செய்துவிட்டார்கள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையானால், ‘‘ஒரு ரவுண்டு போலாமாண்ணே?’’ என்று யாராவது வந்து கேட்கத்தான் செய்கிறார்களாம்.

‘‘நீங்க என்ன சொல்வீங்க?’’ என்றேன்.

‘‘மீனை ஏத்துனா பயமில்ல சார். கவுந்தா அது பாட்டுக்கு நீந்திப் போயிடும்’’ என்றார். அவர் சிரிக்கவில்லை.

2009-ல் ஒன்பது பேராக வந்தது நாங்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த லீவுக்கு எங்கேயாவது படகோ, மணல் வண்டியோ ஏறப்போகிறீர்களா? சந்தோஷமாகப் போய் வாருங்கள். ஓட்டுகிறவர் ஆறு என்று சொன்னால், தயவுசெய்து ஏழாவது ஆளாக நீங்கள் கரையிலேயே நின்றுகொள்ளுங்கள்.