மூப்பும் நூற்செல்வமும்

மூப்பு பலர்க்கும் முதற்கண் கண்ணையே பற்றுகின்றது. தமிழாசிரியனாய் 33 யாண்டு பணியாற்றி ஓய்வுபெற்று, அகவை 67 நிரம்பிய எளியேற்கு, உரைநூல்களின் சிற்றெழுத்து இப்பொழுது எறும்பு வரிசைபோல் தோன்றுகின்றது. கண்புரை நீக்கிய பின்னும் இரவிற் படித்தல் இயலவில்லை. ஆதலின், இல்லத்து மூன்று அலமாரிகளில் நிறைந்துள்ள நூல்கள் இனி யாவர்க்கு உரியன என்னும் வினா நாடோறும் எழுகின்றது. மக்கள் வேற்றூரில் வாழ்கின்றனர். அவர்தம் வீடுகள் சிறியன. பழைய தாள் வாங்குவோரோ எடையிட்டு விலை கூறுவர். நன்னூல் விருத்தியுரையும் நேற்றைய நாளிதழும் அவர் தராசில் ஒன்றே!

உடையார் மூத்தபின் நூல் அழிதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலிற் கிடந்த ஏடுகள், ஆகமவிதி என்று சொல்லப்பட்டு நெய்தோய்த்துத் தீயில் இடப்பெற்ற செய்தியை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் வருந்தி எழுதியுள்ளார்கள். அஃது அறியாமையால் நிகழ்ந்தது. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்து, ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் சாம்பராக்கியது எதனால் நிகழ்ந்ததென்பதை யான் கூற வேண்டுவதில்லை.

ஆயினும் மனந்தளர இடமில்லை. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியாரவர்கள் விளம்பரப் பலகை எழுதிப் பொருளீட்டியவர். தம் ஈட்டத்தைப் பழைய நூல்களுக்கே செலவிட்டனர். அவர் 1992-இல் மறைந்தபின், ஏறத்தாழ ஓரிலக்கம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகத்தார் விலைகொண்டு, சென்னையிலேயே நிலைபெறச் செய்தனர். தமிழர் செய்யவேண்டியதை அயலார் செய்தனரே என்னும் நாணம் எனக்குண்டு. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள், பதினோராயிரமளவின, 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோவால் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்து அன்பர்கள், கூலி கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிக் கணினியில் ஏற்றி வருகின்றனர். என் பெயர்த்தி கைப்பேசியில் மெய்கண்ட சாத்திரத்தை எடுத்து, இருவிரலால் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கண்ணாடியின்றியே படித்தேன். இதனைக் குறைகூறும் முதியோருடன் யான் உடன்படேன்.

எனினும் அக்கருவியில் வாராத பகுதி ஒன்றுளது. மடத்துப் பாடசாலையில் எம் ஆசிரியர் பாடஞ் சொல்லுங்கால், ஒரு சொல்லின்முன் நிறுத்தி, இஃது ஏன் இவ்விடத்து நின்றது என்று வினவுவார். விடை வாராதாயின் அடுத்த அடி செல்லார். ஒரு நாள் முழுதும் ஒரு சொல்லிலே கழிந்ததுண்டு. அவ்விளக்கங்களை யாம் நூலின் ஓரத்திற் கரிக்கோலாற் குறித்துக்கொண்டோம். அக்குறிப்புக்கள் பாதி சொல்லும் பாதி கோடுமாயின. கேட்டார்க்கன்றிப் பிறர்க்கு விளங்கா. நூலகத்தார் அவற்றைப் படமெடுக்கலாம். படம் பாடஞ் சொல்லுமோ?

ஆதலின் நூல்களை இருகூறாக்கினேன். அரிய பதிப்புக்களை நூலகம் ஒன்றிற்கு அனுப்பிவிட்டேன். ஓரக்குறிப்புள்ளவற்றை என்பால் வைத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் இளைஞர் இருவர் வருகின்றனர். ஒருவர் வங்கியில் எழுத்தர், மற்றையவர் மின்பொருள் பழுது நீக்குவோர். அவர் உரக்கப் படிக்க யான் பொருள் கூறுகின்றேன். சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்தில், அத்துவிதம் என்னுஞ் சொல் ஒருமையைக் குறியாது வேறன்மையைக் குறிக்குமென்னும் இடத்தில் நின்றுள்ளோம். வங்கியன்பர்க்கு ஐயம் இன்னும் தீர்ந்திலது. வரும் ஞாயிறும் அவ்விடமே நடைபெறும்.