அம்பத்தூரிலிருந்து நேமம் வரை ஒரு மிட்டாய் யாத்திரை!

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் மார்க்கமாக மின்சார ரயிலில் வந்தால் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று வரிசையாக எங்கள் ஊர்கள். வெளியூர்க்காரர்கள் திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரரைத் தரிசித்து, சந்நிதி முன்னால் இருக்கிற வெள்ளெருக்குத் தூண்களை அதிசயித்துவிட்டுப் போவார்கள். நான் கூப்பிடுவது மிட்டாய் யாத்திரைக்கு!

இது தொழிற்சாலைப் பிரதேசம். 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில், 1961-ல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடியில். சம்பள நாளன்று ஷிப்டு முடிந்து வரும் அப்பா கையில் ஒரு பொட்டலம் இருக்கும். தேன் மிட்டாய், கமர்கட்டு, கல்கோனா, இலந்தை வடை எல்லாம் கலந்து கட்டியது.

இன்று அதே பண்டங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி, 'அந்தக் கால நினைவுகள்' என்று செல்போன் வழியாக விற்கிறார்கள். ஏன் பெட்டியாக? ஒரு பாக்கெட் தேன் மிட்டாய் 30 ரூபாய், கூரியர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வாங்குவார்கள்? பத்து வகை சேர்த்து 400 ரூபாய் ஆக்கினால் கூரியர் செலவு உறுத்தாது. போதாததற்கு, "இன்னும் 100 ரூபாய்க்கு வாங்கினால் கூரியர் இலவசம்" என்பார்கள். பம்பரமும் கோலியும் தானாகச் சேர்ந்துவிடும்!

பழைய ருசியின் விலை பெரிய கம்பெனிகளுக்கும் தெரியும். ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிக்கு வந்து, திருவள்ளூர் சாலையில் மேற்கே போனால் நேமம். பாரி மிட்டாய்க் கம்பெனியை 2004-ல் வாங்கிய தென்கொரிய லோட்டே, 2010-ல் இங்கே சாக்கோ பை ஆலை திறந்தது. ஆனாலும் நம் 'காபி பைட்' பெயரை மாற்றவில்லை. கேம்பா கோலாவை ரிலையன்ஸ் 2022-ல் வாங்கி, அடுத்த வருஷமே அதே பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது.

நினைவுக்கு விலை கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் தாய்மார்களே, சிலதைக் கவனியுங்கள்:

பெட்டியின் மொத்த எடையைப் பார்த்து, 100 கிராம் என்ன விலை ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். அதையே பக்கத்துக் கடையில் விசாரியுங்கள்.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 14 இலக்க உணவு உரிம எண், சேர்மானம், காலாவதித் தேதி வேண்டும். துணிச்சாயமான ரோடமைன்-பி கலந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கிறதல்லவா? பளீர் ரோஸ் நிறம் என்றால் உஷார்.

நீங்கள் கேட்காத சாமான் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பாருங்கள். 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு விதிமுறைப்படி அது தப்பு.

நாலு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கல்கோனா மாதிரிக் கெட்டி மிட்டாய் வேண்டவே வேண்டாம்; தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெரிய பிள்ளைகளும் ஜவ்வு மிட்டாய் தின்றால் வாய் கொப்பளிக்கட்டும்.

வீட்டிலேயே பெட்டி கட்டி விற்க நினைக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உணவுப் பாதுகாப்புப் பதிவு முதலில் வாங்குங்கள். எடையை வெளியில் எழுதுங்கள். எந்த மிட்டாய் வேண்டும் என்று வாங்குகிறவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஒரு தரம் ஏமாந்தவர்கள் மறுபடி வரமாட்டார்கள்.

தெருமுனையில் அண்ணாச்சி கடை இருந்தால் ஒருநாள் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். பத்து ரூபாயைக் கையில் கொடுத்து, பாட்டில் பாட்டிலாகப் பார்த்து அதுவே பொறுக்கட்டும். நாளைக்கு அதற்கும் ஒரு நினைவு வேண்டுமே!