எந்த விசாப்பா போட?

டொரண்டோவுல இருந்து மகன் போன்.
"அப்பா, ரிட்டயர் ஆனதும் சூப்பர் விசா போட்டுருவோம்."

கனடாவுல பிள்ளைங்க இருக்கிற பெத்தவங்களுக்கான விசா அது, பத்து வருசம் வரை செல்லுமாம்.
ஒரு தடவை போனா 5 வருசம் தங்கலாமாம்.
ஆனா 1 லட்சம் கனடா டாலருக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் காட்டணும்.

தாய்லாந்து ரிட்டயர்மென்ட் விசா?
50 வயசு ஆகியிருக்கணும், அதுல பாஸு.
பேங்குல 8 லட்சம் பாட் இருக்கணும், அங்க ஃபெயிலு.

ஆஸ்திரேலியாவுல பெரிய தொகை கட்டாத பெற்றோர் விசாவுக்கு க்யூவே 30 வருசத்துக்கு மேலயாம்.
அதுக்குள்ள நான் வேற ஊருக்கே விசா வாங்கிருவேன் 😄

இத்தனையும் பேசுற ஆளு, குட்டி ஜப்பான்னு பேரெடுத்த சிவகாசியில பொறந்தும் இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கல.

மழை கம்மின்னுதான் சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வந்துச்சு. இந்த வெயில்ல காஞ்ச உடம்பு டொரண்டோ ஜனவரியத் தாங்குமா?

வெளிநாட்டுல பிள்ளைங்ககூடப் போய் இருந்துட்டு வந்தவங்க சொல்லுங்கப்பா, பகல்ல யார்கூடப் பேசுனீங்க?