செட்டும் வையும்

கட்டுமானக் கையேடு ஒன்றின் தமிழ் வடிவம் அண்மையில் மதுரையில் ஒரு மூத்த மொழிபெயர்ப்பாளரிடம் திருத்தத்துக்கு வந்தது. கணினி பெயர்த்ததை இளைஞர் ஒருவர் மேலோட்டமாகத் தட்டிக்கொட்டி அனுப்பியிருந்தார். ‘கான்கிரீட் அமைக்கும் வரை காத்திருக்கவும்’ என்றது ஒரு வரி. கான்கிரீட் எதை அமைக்கும்? செல்லூரில் சாந்து குழைக்கும் சித்தாளைக் கேட்டால்கூட, “இன்னும் செட் ஆகலண்ணே, மிதிச்சிராதீங்க” என்றிருப்பார். ‘இறுகும் வரை’ என்று திருத்தி அனுப்பியதும் ஃபோன் வந்தது: “அமைக்கும்னு வர்ற எல்லா இடத்துலயும் இறுகும்னு மாத்திரவா சார்?”

இந்தத் தொழிலில் நீளமான சொற்கள் தொல்லை தருவதில்லை. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ வந்தால் ஒளிச்சேர்க்கை என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். பேனா நிற்பது ‘செட்’ போன்ற பொடிச் சொல்லில்தான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ வினைக்கு மட்டும் 430 பொருள். பிற்பாடு ‘ரன்’ 645 பொருளோடு அதை முந்தியது. அந்த ஒரு வினையோடு பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார்.

செட், பிறப்பால் இரண்டு சொல். வினைச்சொல் பழைய ஆங்கிலத்துச் ‘செட்டன்’. ‘சிட்’ என்பதன் பிறவினை. தமிழில் ‘இரு’வுக்கு ‘இருத்து’ எப்படியோ அப்படி. கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் லத்தீனின் ‘செக்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, ஒருவரைப் பின்பற்றிப் போகிறவர்கள் என்பது அதன் மூலக் கருத்து. பின்னால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன. மதுரை நாக்கு இரண்டையுமே வாங்கிக்கொண்டது. கான்கிரீட் செட் ஆவது முதலாவது. நையாண்டி மேள செட்டும், ‘எங்க செட்டுப் பயலுக’ளும், மைக் செட்டும் இரண்டாவதன் பக்கம். ‘செட்டும் சிக்கனமுமாக் குடும்பம் நடத்துறா’ என்று அப்பத்தா சொல்லும் செட்டோ ஆங்கிலமே அல்ல. வணிகம், அளந்து செலவழித்தல் என்ற பொருளில் நாம் முன்பிருந்தே புழங்கும் சொல். எழுத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் நிற்கும்.

இதையெல்லாம் அந்த மொழிபெயர்ப்பாளருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கல்லூரி ஆங்கில ஆசிரியர். மாலையானால் அகராதிக்கான சொற்சீட்டு எழுத உட்கார்ந்துவிடுவார். சொல்லை அது காதில் விழுந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும். பொருளை மட்டும் எழுதிக் கொடுத்தால் கிழித்துப்போடுவார். அவரைப் பல வருடம் படுத்தி எடுத்தது ‘பம்பு செட்’. அரசு ஆணைகளில் அது மோட்டாரும் பம்பும் சேர்ந்த கருவி. 1990இல் விவசாயிகள் எல்லாருக்கும் பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் என்று வந்தபோதும் அதே பொருள்தான். ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் ‘மாமா பம்பு செட்டுல படுத்திருக்காரு’ என்றால் அது மோட்டார் அறை. ‘பம்பு செட்டுல குளிச்சிட்டு வாரோம்’ என்றால் தண்ணீர் விழும் தொட்டி. நடுவே ‘ஷெட்’ வந்து ஒட்டிக்கொண்டதா? லாரி ஷெட்டையும் ‘லாரி செட்’ என்கிற ஊர்தானே இது.

வீட்டில் உட்கார்ந்து இதற்கு முடிவு கட்ட அவர் சம்மதிக்கவில்லை. பஸ் ஏறிப்போய்க் கிணற்றுமேட்டில் சம்சாரிகளிடமே கேட்டார். “ஐயா, மோட்டாரைக் கழட்டி ரிப்பேருக்குக் கொண்டுபோயிட்டா, இங்க மிச்சம் நிக்கிறதுக்கு என்ன பேரு?”

“அதுவும் பம்பு செட்டுத்தான் சார்.”

கருவி போன பிறகும் பெயர் இடத்தில் தங்கிவிட்டது. அன்று ராத்திரியே அதற்குத் தனிச் சீட்டுப் போட்டார். கேள்வியை அப்படித் திருப்பிக் கேட்கத் தெரிவதுதான் இந்த வேலையின் திறமை. அதை இப்போது யாரும் கற்றுக்கொடுப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை.

‘செட்’டுக்கு ஒரே தமிழ்ச் சொல் கேட்டு நிற்பவர்களை அவர் ‘வை’யிடம் அனுப்புவார். தீ வைக்கிறோம், பொறி வைக்கிறோம், நாள் வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம். ஆங்கிலம் இத்தனைக்கும் செட் போடும். நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் வையும் ஒன்று. அதற்குள்ளும் பல சொற்கள். வைத்தான் வேறு, வைதான் வேறு. ‘அம்மா வையும்’ என்றால் மதுரைப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். கூர்மைக்கும் வை, வைக்கோலுக்கும் வை. குண்டோதரனின் தாகம் தீர இறைவன் ‘வை கை’ என்றதும் வைகை பெருகியது என்று இந்த ஊரின் ஆற்றுக்கே அந்தச் சொல்லை வைத்துக் கதை கட்டியிருக்கிறார்கள். ஆனால் வைக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் தானாக நடக்கிற செட்டுக்கு வை உதவாது: கான்கிரீட் இறுகும், தயிர் உறையும், சூரியன் மறையும். கணினி தவறியது சரியாக இந்த இடத்தில். தன்வினை நிற்க வேண்டிய இடத்தில் ‘அமைக்கும்’ என்று பிறவினையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அகராதி வேலைக்குப் பேர்போன ஊர் மதுரை. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய தமிழ்ச் சங்கம், யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளையின் அகராதியை 1910 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிக்கு வேலை தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்ற சாண்ட்லர், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர். சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழை நடத்திய மு. இராகவையங்கார்தான் அங்கே தலைமைத் தமிழ்ப் பண்டிதராகப் போனார். 1937இல் புதுமண்டபத்துப் புத்தகக்கடைக்காரர் இ. மா. கோபாலகிருஷ்ணக் கோன், மதுரைத் தமிழ்ப் பேரகராதியையே வெளியிட்டார்.

அதே ஊரில் இன்று மொழிபெயர்ப்புக்குக் கூலி சொல்லுக்கு இத்தனை பைசா. அரைநாள் தின்கிற ‘செட்’டுக்கும் அரை நொடியில் முடிகிற ஒளிச்சேர்க்கைக்கும் ஒரே காசு. கணினித் தமிழைத் திருத்துவது என்றால் அதிலும் குறைத்துத்தான் தருகிறார்கள். அந்தக் கூலிக்கு எந்த இளைஞர் கிணற்றுமேட்டுக்குப் பஸ் ஏறுவார்? எடு, போடு, விடு, பிடி என்று இன்னும் எத்தனையோ குட்டிச் சொற்கள் சீட்டுக்குக் காத்துக்கிடக்கின்றன. பல்கலைக்கழகமோ பதிப்பகமோ, யாராவது மாதச் சம்பளம் கொடுத்து நாலு பேரை இதற்கென்றே உட்காரவைக்க வேண்டும்.