மாதப் பட்டியலும் புனேக் கடைவீதிகளும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவன் வருமானத்தில் இரண்டு அடுப்புகள் எரிய வேண்டும். ஒன்று இங்கே மனைவி மக்களுக்காக எரிவது; மற்றொன்று ஊரிலே பெற்றோருக்காக எரிவது. இங்குள்ள அடுப்பில் செலவு மிகுந்தால் அங்குள்ள அடுப்பு மங்கும். ஆதலின் மளிகைக் கணக்கைப் பெண்டிர் பார்த்துக்கொள்ளும் சில்லறைக் காரியம் என்று ஒதுக்குவது தகாது. ஊருக்கு அனுப்பும் தொகையில் ஒரு மாதம் ஐந்நூறு ரூபாய் குறைந்தால், அந்த ஐந்நூறு பெரும்பாலும் நம் வீட்டு டப்பாக்களுக்கும் கடைக்காரர் கல்லாவுக்கும் இடையில்தான் எங்கோ கரைந்திருக்கும். அது எங்கே கரைகிறது என்பதைப் புனே நகரின் கடைவீதிகளில் நடந்துகொண்டே ஆராய்வோம். நேயர்கள் உடன் வருக.

புனேக்கு இருப்புப் பாதை வந்தது 1858ஆம் ஆண்டு. கடக்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஏற்பட்டது 1869இல். பாளையமும் தொழிற்சாலையும் ரயிலும் வளர வளரத் தமிழரும் வந்து குடியேறினர். இன்று கணிப்பொறி வேலைக்கு வரும் இளைஞரும் அவ்வரிசையில் சேர்ந்துள்ளனர். ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நான் இந்நகருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்தன. சம்பளத்தில் உயர்வு தாழ்வு இருப்பினும், நம்மவர் வீடுகள் அனைத்திலும் ஒரு கேள்வி பொதுவாய் நிற்கக் காண்கிறேன்: "பட்டியல் போட்டுத்தானே வாங்கினோம், இருபதாம் தேதிக்குள் பணம் எங்கே போயிற்று?"

முதலில் குல்டேக்டியில் உள்ள மார்க்கெட் யார்டுக்குச் செல்வோம். நகரின் மொத்த வியாபாரம் நடக்கும் இடம் இது. காய்கனிப் பகுதி ஒருபுறம். 'புசார்' எனப்படும் தானியப் பகுதி மற்றொருபுறம். மூட்டை தூக்குவோரின் குரலும், மஞ்சள், மல்லி, மிளகாய் நெடியும் கலந்து வரும் அவ்வீதிகளில் நடந்தாலே தும்மல் வரும். லாத்தூர்ச் சீமையிலிருந்து வரும் துவரை, கோலாப்பூர் வெல்லம், மாவள் பகுதியின் இந்திராயணி அரிசி ஆகியவை இங்கே குவிந்து கிடக்கும். இந்திராயணி மணமுள்ளது, ஆயின் வெந்தால் குழையும். சாம்பாருக்கு ஆகாது, பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அதனை மிஞ்சுவது அரிது. நம் ஊர் அரிசிதான் வேண்டும் என்று மூன்று வேளைக்கும் பிடிவாதம் பிடிக்காமல், இந்நிலம் விளைவிப்பதில் நம் நாவுக்கு ஒத்ததை ஏற்றுக்கொண்டால் பட்டியலில் ஒரு பங்கு தானே இறங்கும். நிலக்கடலை எண்ணெயும் சோளமும் அத்தகையனவே.

அரிசி வாங்குவோர் ஒரு விதியை அறிந்திருத்தல் நலம். 2022ஆம் ஆண்டு ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டுச் சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு 5 விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு. மூட்டையிலிருந்து அளந்து உதிரியாகத் தரும் தானியத்துக்கு அவ்வரி இல்லை. அதன் பின்னரே கடைகளில் 26 கிலோ மூட்டை தோன்றியது. பெரிய குடும்பத்துக்கு அது பொருந்தும். சிறிய குடும்பம் அதை வாங்கி வண்டுக்கு விருந்து வைத்தல் வேண்டா. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

யார்டிலிருந்து வடக்கே திரும்பி மண்டயிக்கு வருவோம். 2024 செப்டம்பர் முதல் நிலத்தடி மெட்ரோ அவ்விடத்தில் நிற்கிறது. எண்கோணக் கோபுரத்தோடு நிற்கும் இக்கற்கட்டடம் 1885-86இல் எழுந்தது. பம்பாய் ஆளுநர் ரே பிரபுவின் பெயரை முன்பு தாங்கியிருந்தது. இன்று மகாத்மா புலே மண்டயி என வழங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜோதிராவ் புலே புனே நகராட்சியில் உறுப்பினராயிருந்தபோது, சந்தைக் கட்டடத்துக்குப் பெரும்பணம் செலவிடுவதை எதிர்த்தவர். அப்பணம் ஏழைகளின் கல்விக்குச் செல்லலாகாதா என்பது அவர் வாதம். எது முதலில், எது பின்னர் என்று கேட்ட ஒருவரின் பெயரையே அச்சந்தை இன்று தாங்கி நிற்கிறது. பை தூக்கி உள்ளே நுழையும் நாமும் அக்கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொண்டு நுழைவது தகும்.

மண்டயியில் 'பாவ் கிலோ' என்பதே பேச்சு. அதாவது கால் கிலோ. நால்வர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக் கறிக்கு இரண்டு பாவ் போதும். கூறு கட்டி வைத்திருப்பதை மலிவென்று அள்ளி வந்தால் பாதி வாடிப்போகும். வாடியதன் விலையையும் கூட்டினால் மலிவு மலிவாயிராது. "அண்ணா, கியா, ஸ்வஸ்த் ஆஹே!" என்று காய்க்காரம்மாள் அழைப்பார், வாங்குங்கள், மலிவு என்பது பொருள். தென்னாட்டவர் எவரும் இங்கே அண்ணாதான். அந்த அன்பான அழைப்புக்கு மயங்காதவர் சிலரே!

இதுவரை சுற்றியதில் அரிசியும் பருப்பும் காயும் பார்த்தோம். நம்மில் பெரும்பாலோர் சிக்கனம் என்றால் இவற்றில்தான் கை வைக்கின்றனர். ஆனால் பணம் இங்கேதான் போகிறதா? இதற்கு விடை தேட டெக்கான் ஜிம்கானா பக்கம் செல்ல வேண்டும்.

அங்கே கோகலே அரசியல் பொருளாதார ஆய்வுக்கழகம் 1930ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. ஏழைக் குடும்பங்களின் மாதச் செலவைக் கணக்கிட்டு நாட்டின் வறுமையை அளந்த அறிஞர்களான வி. எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் இக்கழகத்தைச் சேர்ந்தவர்களே. நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவு கிடைக்க, 1960-61ஆம் ஆண்டு விலையில் ஒருவருக்குச் சிற்றூரில் மாதம் 15 ரூபாயும் நகரில் 22 ரூபாய் 50 காசும் செலவாகும் என்று அவர்கள் 1971இல் எழுதினர். அத்தொகையும் இல்லாதவர் சிற்றூர்களில் நூற்றுக்கு நாற்பதின்மர், நகரங்களில் ஐம்பதின்மர் என்று கண்டனர். அந்நாளில் குடும்பச் செலவைத் தீர்மானித்தது தானியமே. அரிசி விலை ஏறினால் வயிறு சுருங்கிற்று.

இன்று நிலைமை வேறு. மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகரத்தில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரி 6,996 ரூபாய். அதில் உணவுக்குச் செல்வது ஏறக்குறைய 40 விழுக்காடு. நால்வர் குடும்பத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 11,100 ரூபாய் ஆகும். இனிக் கவனிக்க வேண்டியது இதுதான்: அரிசி, கோதுமை முதலிய தானியம் அனைத்துக்கும் சேர்த்து மொத்தச் செலவில் ஏறத்தாழ 4 விழுக்காடே செல்கிறது. பானங்கள், தின்பண்டங்கள், சமைத்தும் பதப்படுத்தியும் விற்கும் உணவு ஆகியவற்றுக்கோ 11 விழுக்காடு செல்கிறது! நால்வருக்கு அது மாதம் சுமார் 3,100 ரூபாய். ஆகவே அரிசியில் கிலோவுக்கு மூன்று ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு, மாலையில் பொட்டலம் பொட்டலமாய்த் தின்பண்டம் வாங்குபவர், குடத்தின் வாயை இறுக்கிக் கட்டி அடியில் ஓட்டையை விட்டவராவர்.

என் வீட்டில் மூன்று மாதங்கள் ஒவ்வொரு செலவையும் தேதியிட்டு எழுதிப் பார்த்தோம். முதல் வாரத்தில் பட்டியலோடு சென்று வாங்கியவை ஏறக்குறையத் திட்டத்தின்படியே நின்றன. பத்தாம் தேதிக்குப் பின், "ஒன்றே ஒன்றுதான்" என்று தெருமுனைக் கிராணாக் கடைக்குச் சென்ற நடைகளும், கைப்பேசியைத் தட்டினால் சில நிமிடங்களில் வாசலுக்கு வந்துவிடும் சாமான்களுமே திட்டத்தை மீறின. ஒன்றுக்குச் சென்றவர் ஒன்றோடு திரும்பிய நாள் அக்கணக்கில் அரிதாகவே இருந்தது. அதைப் பார்த்த என் துணைவி, "நமக்குச் செலவாவது அரிசியிலே இல்லைங்க, நடையிலே" என்றாள். பெரும் ஆய்வு சொன்னதையே அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

ஆதலின் வாங்கும் பொருளைக் குறைப்பதினும் வாங்கும் தடவையைக் குறைப்பதே முதற்கடன். இதனை ஓர் இயக்கமாகவே நடத்திக் காட்டியவர்கள் இம்மராட்டிய நாட்டில் உண்டு. பிந்துமாதவ் ஜோஷி என்பார் 1974இல் புனேயில் கிராஹக் பஞ்சாயத்து என்னும் நுகர்வோர் அமைப்பை நிறுவினார். 1975இல் மும்பையிலும் அத்தகைய பஞ்சாயத்து எழுந்தது. கீத ராமாயணத்துக்கு இசையமைத்த சுதீர் பட்கேயும் இவ்வியக்கத்துக்குத் துணை நின்றவர். மும்பைப் பஞ்சாயத்தின் முறை எளியது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு ஒரு குழுவாய்ச் சேரும். ஒவ்வொரு வீடும் மாதத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே பட்டியலிட்டுத் தரும். பஞ்சாயத்து மொத்தமாகக் கொள்முதல் செய்து அனுப்பும். சாமான்கள் குழுவில் ஒருவர் வீட்டில் வந்திறங்க, உறுப்பினரே கூடிப் பிரித்துக்கொள்வர். இதில் மொத்த விலையின் இலாபம் ஒன்று. அதனினும் பெரிய இலாபம், கடையின் கண்ணாடி அலமாரிக்கு எதிரே நின்று முடிவு செய்யாமல், வீட்டிலே அமர்ந்து முடிவு செய்வது.

பட்டியல் எழுதுவதில் நாங்கள் கைக்கொள்ளும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். சம்பளம் வந்ததும் முதலில் ஊருக்கு அனுப்பும் தொகையை அனுப்பிவிடுகிறோம். மிஞ்சியதை அனுப்புவது என்றிருந்தால் மிஞ்சுவது அரிது. அடுத்து, டப்பாக்களைத் திறந்து பார்த்து, இருப்பைக் கழித்துவிட்டுப் பட்டியல் எழுதுகிறோம். உளுந்து அரைக் கிலோ இருக்கையில் மீண்டும் இரண்டு கிலோ எழுதுவது பழக்கத்தின் பிழையன்றித் தேவையன்று. அதன்பின் காய்கறிப் பணத்தை நான்கு வாரத்துக்கும் நான்கு உறைகளில் இடுகிறோம். பால் கணக்கு தனி. இறுதியாக, குழந்தைகளின் தின்பண்டத்துக்கும் திடீர் விருந்தினருக்கும் ஒரு தொகையை ஒரு டப்பாவில் போட்டுவிடுகிறோம். அந்த டப்பா காலியானால் அவ்வகைச் செலவு அம்மாதத்துக்கு முடிந்தது. குழந்தைகளே எட்டிப் பார்த்து எண்ணிக்கொள்வதால் அழுகை குறைந்தது. தீபாவளிச் செலவை மாதப் பட்டியலில் ஏற்றுவதில்லை. தசராவுக்கு முன் வரும் போனஸில் அதற்கெனத் தனியே ஒதுக்குகிறோம்.

கடையில் அச்சிட்ட எழுத்தையும் படிக்க வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை உள்ளது. பார்வைக்கு ஒரே அளவாய்த் தோன்றும் சில பைகளில் 850 கிராமே இருக்கும். விலை குறைவென்று எடுத்தால் அளவும் குறைவாயிருக்கும். பொட்டலத்தின் மேல், கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதும் இப்போது அச்சிடப்படுகிறது. எழுத்து சிறிது, ஆனால் இரண்டு பொட்டலத்தை ஒப்பிட அதுவே துணை.

இவ்வளவும் கேட்டு, "நம் ஊர்ச் சுவையை எல்லாம் விட்டுவிட வேண்டுமா?" என்று வினவுவோர் உண்டு. வேண்டா. ராஸ்தா பேட்டைக் கடைகளில் தென்னாட்டுச் சரக்கு பலவும் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதலாயிருக்கலாம். ஆகவே, எவை நம் வீட்டில் மாற்ற இயலாதவை என்று குடும்பத்தோடு கூடித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இட்லிக்குப் புழுங்கலரிசி, நல்லெண்ணெய், காப்பித்தூள் என மூன்று. அவற்றில் கஞ்சத்தனம் செய்வதில்லை. புளியும் வற்றலும் அப்பளமும் ஊருக்குச் சென்று திரும்புகையில் வருகின்றன. படுக்கை வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ சாமான் கட்டணமின்றிக் கொண்டுவரலாம். ஆண்டுக்கு வேண்டிய புளிக்கு அதில் ஒரு மூலை போதும். மராட்டியக் குடும்பங்களும் ஏப்ரல், மே மாதங்களில் ஆண்டுக்கான கோதுமையும் அரிசியும் வாங்கி வெயிலில் காயவைத்துச் சேமிப்பது வழக்கம். நம் பாட்டிமார் மாசி பங்குனியில் புளியும் மிளகாயும் வாங்கி வைத்தது போன்றதே இது. அறுவடைக்குப் பின் விலை இறங்கும் காலத்தில் வாங்கு என்பதை இரு நாட்டாரும் அறிந்திருந்தனர்.

இங்குள்ள கடைகளில் "ஆஜ் ரோக், உத்யா உதார்" என்று பலகை தொங்கக் கண்டிருப்பீர்கள். இன்று ரொக்கம், நாளைக் கடன் என்று நம் ஊர்ப் பெட்டிக்கடை சொல்வதும் அதுவே. 'ரோக்', 'ரொக்கம்' என்று சொல்கூட உறவாய் நிற்கிறது. கையிலுள்ள ரொக்கத்துக்குள் வாழ்வது எந்நாட்டுக்கும் பொதுவான அறம் போலும்!

நம் சங்கத்தைச் சேர்ந்த வீடுகள் ஒரே பேட்டையில் பத்து இருந்தால், ஒரு மாதம் மட்டும் பட்டியல்களை ஒன்று சேர்த்து மார்க்கெட் யார்டில் கொள்முதல் செய்து பார்க்கலாம். வண்டிக்கூலியைப் பங்கிட்டுக்கொள்ளலாம், பிரிக்கும் நாளில் குழந்தைகள் தமிழ் பேசிக் களிக்கலாம். கணக்கு எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன். அலுவலகத்தில் பழகிய கைதானே. விருப்பமுள்ள இல்லத்தார் அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தத்தம் பட்டியலோடு வருக. ஆனால் வீட்டு டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு எழுதிய பட்டியலாக அது இருக்கட்டும்.