வீழ்ந்த பொறியும் வீண் பழியும்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. கணிப்பொறி விழும்போதெல்லாம் நாம் நோவது அம்பைத்தான். அதாவது, கடைசியாகத் தட்டிய கட்டளையை.

எங்கள் ஆய்வகத்தில் லினக்ஸ் பொறி ஒன்று உண்டு. ஆய்வுக்கு வேண்டிய ஒரு பெரிய நிரலைத் தொகுப்பதற்காகக் கருந்திரையில் 'மேக்' என்னும் கட்டளையை இட்டேன். சிறிது நேரத்தில் பொறி உறைந்தது. மறுமுறை தானே அணைந்து எழுந்தது. மூன்றாம் முறையும் அதே கதி. பழி என் தலையில் விழுந்தது.

"தம்பி, இந்தக் கருந்திரை விளையாட்டு வேண்டாம். என் முனைவர் பட்டக் கணக்குகள் இதில்தான் ஓடுகின்றன" என்றார் மதுரைக்கார அண்ணா. ஊரைவிட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் வந்திருக்கும் எனக்கு அவரே உறவு. அவர் முகம் சுளித்தால் என் செய்வேன்!

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. இயங்குதளத்தின் உட்கரு ஒவ்வொரு நிரலையும் ஒரு வேலிக்குள் நிறுத்துகிறது. சாதாரணப் பயனரின் கட்டளை பிழைபட்டால் அது மட்டும் சாக வேண்டும், பொறி சாயலாகாது. சாய்ந்தால், கட்டளை நினைவகம் முழுவதையும் விழுங்கியிருக்க வேண்டும். அன்றேல் குற்றம் உட்கருவில், இயக்கிகளில், அல்லது வன்பொருளில் இருக்க வேண்டும்.

'மேக் -ஜே' என்று எண் குறிக்காமல் இட்டால் வரம்பின்றி வேலைகள் கிளம்பி நினைவகத்தைத் தீர்த்துவிடும். நானோ 4 என்று வரம்பு கட்டியிருந்தேன். 'ஜர்னல்சிடிஎல் -பி -1' என்று இட்டு, விழுவதற்கு முந்தைய பதிவேட்டைப் புரட்டினேன். நினைவகம் தீர்ந்ததாக ஒரு வரியும் இல்லை. பதிவு பாதியில் அறுந்து நின்றது. வெப்பமும் அளவோடு இருந்தது. மீண்டும் தொகுத்தபோது 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று கூறித் தொகுப்பி மாண்டது. ஒருமுறை ஒரு கோப்பில், மறுமுறை வேறொன்றில். நிரலின் பிழையானால் ஒரே இடத்தில் அல்லவா இடற வேண்டும்?

இரவு முழுவதும் 'மெம்டெஸ்ட்86+' சோதனையை ஓடவிட்டோம். காலையில் திரையெங்கும் சிவப்பு வரிகள்! இரு நினைவகப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்ததில் ஒன்று பழுது என்று தெரிந்தது.

பழி நீங்கியது, மகிழ்ச்சி மட்டும் வரவில்லை. அண்ணாவின் கணக்குகள் அதே பொறியில் இரண்டு மாதம் விழாமல் ஓடியவை. ஒரு பிட் 0 என்பதிலிருந்து 1 ஆக மாறினால் ஓசை எழாது. விடை மட்டும் பொய்யாகும். வார இறுதியில் ஓடவிட்ட தம் கணக்குகளைப் பிழை கண்டவுடன் பொறி கைவிட்டது கண்டு வெகுண்டவர், பெல் ஆய்வகத்து ரிச்சர்டு ஹாமிங். பிழையைக் காணும் பொறி அதைத் திருத்தவும் கூடாதா என்று எண்ணி, 1950-இல் பிழைதிருத்தும் குறிமுறையை வெளியிட்டார். அவ்வழியில் வந்த ஈ.சி.சி. நினைவகம் ஒற்றைப் பிட் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். எங்கள் பொறியில் அது இல்லை.

அண்ணா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டுவோம்" என்றார். இதுவரை முடிந்தவற்றுள் ஒரு விடை மாறியிருக்கிறது.

அன்பர்களே, கட்டளையைப் பழிக்குமுன் பதிவேட்டைப் புரட்டுங்கள். விழுந்து நம்மை எச்சரிக்கும் பொறியைவிட, விழாமல் பொய் சொல்லும் பொறிக்கே நாம் அஞ்ச வேண்டும்.